ஆறு லிட்டரிலிருந்து 2.70-ஐக் கழித்தவருக்கு

பேராக் மாநிலத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து 54 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். இளவயதில் பதினொரு ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்துப் புகைக்கூண்டில் விறகு போட்டவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு எண்ணெய் ஆலைக்குப் போய், பாய்லருக்கு நாரும் ஓடும் தள்ளும் வேலையை இன்றுவரை செய்கிறார். 28 ஆண்டுகள் நாளுக்கு அரைப் பெட்டி வெண்சுருட்டு பிடித்து, ஈராண்டுக்கு முன் நிறுத்திவிட்டார். லயத்து வீட்டை விட்டு மலிவுவிலை அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்ததிலிருந்து, சாமான் பையோடு படியேறினால் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போக முடிகிறதாம்.

சுகாதார கிளினிக்கில் அவரை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சிய பின் எடுத்த அறிக்கையில் எஃப்.வி.சி. (வேகமாக முக்கி ஊதிய மொத்தக் காற்று) 2.70 லிட்டர், எஃப்.இ.வி.1 (அதில் முதல் வினாடியில் வந்தது) 1.62 லிட்டர் என்றும், மெதுவாக ஊதிய சோதனையில் 2.80 லிட்டர் என்றும் இருந்தன. ஐந்தாம் படிவத்தில் படிக்கும் மகனின் உயிரியல் பாடநூல் நுரையீரலின் கொள்ளளவு ஆறு லிட்டர் என்கிறது. ஆறிலிருந்து 2.70-ஐக் கழித்துப் பார்த்து, ‘பாதிக்கு மேல் போய்விட்டது’ என்று முடிவு கட்டி மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல் இருக்கிறார். மகன் வீட்டிலேயே ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய்ப் போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து, குழாய் செருகி ஊதவைத்தபோது 2.30 லிட்டர்தான் வந்ததாம். ஈப்போவிலுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கிளினிக் கொடுத்த பரிந்துரைக் கடிதமோ அலமாரியில் கிடக்கிறது. ‘கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துவிடுவார்கள்’ என்று ஆலை நண்பர் பயமுறுத்தியதுதான் காரணம். பிராணாயாமம் செய்தால் போன லிட்டர் திரும்புமா, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் இழப்பீடு கேட்கலாமா என்பவை அவருடைய கடைசி இரு கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கழித்தல் கணக்கில் பிழையில்லை. ஆனால் கழிக்கக் கூடாத இரண்டு எண்களை எடுத்துக் கழித்திருக்கிறீர்கள். பாடநூலின் ஆறு லிட்டர் என்பது நுரையீரல் முழுக்க நிரம்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் மொத்தக் காற்று. உங்கள் 2.70 லிட்டர் என்பது நீங்கள் வெளியே ஊதித் தள்ளிய காற்று மட்டும். எவ்வளவு முக்கி ஊதினாலும் உள்ளே தங்கிவிடும் காற்று ஒன்று உண்டு. அது ஊதும் கருவியின் கண்ணில் படுவதே இல்லை. அதோடு, அந்த ஆறு லிட்டர் வாட்டசாட்டமான ஓர் இளைஞருடையது. உங்கள் உயரம் 163 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், வயது 54. அது முதலிலிருந்தே உங்கள் எண் அல்ல.

நான்கு அளவுகள், அவற்றின் கூட்டல்கள்

பாடநூலில் உள்ள படத்தை மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஒன்றோடொன்று கலக்காத நான்கு அளவுகள் அதில் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சில் போய்வருவது மூச்சுக் காற்றளவு, சுமார் 500 மில்லிலிட்டர். அதற்கு மேலும் இழுத்தால் கூடுதலாக உள்ளே போகக்கூடியது உட்சுவாசச் சேமிப்பு, சுமார் 3000. சாதாரணமாக மூச்சுவிட்ட பிறகும் முக்கி வெளியேற்றக்கூடியது வெளிச்சுவாசச் சேமிப்பு, சுமார் 1100. அதன் பிறகும் உள்ளேயே தங்குவது எஞ்சிய காற்று, சுமார் 1200. நான்கையும் கூட்டினால் 5800 மில்லிலிட்டர். இதைத்தான் பல நூல்கள் ஆறு லிட்டர் என்று முழுமையாக்கி எழுதிவிடுகின்றன. பெண்களுக்கு இந்த அளவுகள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு.

‘கொள்ளளவு’ என்ற பெயரில் வருபவையெல்லாம் இந்த நான்கில் இரண்டையோ மூன்றையோ நான்கையுமோ கூட்டிப் பெறுபவை. எஞ்சிய காற்றை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் உயிர்ப்புத் திறன்; பாடநூல் இளைஞருக்கு 4600. வெளிச்சுவாசச் சேமிப்பையும் எஞ்சிய காற்றையும் கூட்டினால், சாதாரணமாக மூச்சுவிட்டு ஓய்ந்த நிலையில் உள்ளே இருக்கும் காற்று, 2300. இதைச் செயல்நிலை எஞ்சிய கொள்ளளவு என்பார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஈப்போவில் அளக்கப்போவது இதைத்தான்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருவோம். நீங்கள் எழுதி அனுப்பிய எண்களின்படி உங்கள் மூச்சுக் காற்றளவு 0.55, உட்சுவாசச் சேமிப்பு 1.55, வெளிச்சுவாசச் சேமிப்பு 0.70. கூட்டினால் 2.80 லிட்டர், அதாவது உயிர்ப்புத் திறன். ஆகவே ஒப்பிடுவதானால் பாடநூலின் 4600-உடன் ஒப்பிட வேண்டும். அதுகூட உங்கள் உயரத்துக்கும் வயதுக்கும் பொருந்தாது.

லண்டனைச் சேர்ந்த ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர், தாம் அமைத்த கருவியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து, 1846-இல் முடிவுகளை வெளியிட்டார். உயிர்ப்புத் திறன் என்ற பெயர் அவர் வைத்ததுதான். ஆளின் உயரம் கூடக்கூட அந்த அளவும் ஒழுங்காகக் கூடுகிறது என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். உங்கள் அறிக்கையில் ‘எதிர்பார்க்கப்படும் அளவு’ என்று ஒரு பத்தி இருக்கிறதே, அது அந்த வழியில் வந்தது. உயரம், வயது, பால் மூன்றையும் வைத்துக் கணக்கிட்டு, உங்களுக்கு 3.30 லிட்டர் என்று கருவி சொல்லியிருக்கிறது. 2.70-ஐ 3.30-ஆல் வகுத்தால் 82 விழுக்காடு. எண்பதுக்கு மேல் என்றால் பொதுவாக இயல்பு என்றே எடுத்துக்கொள்வோம். ‘பாதிக்கு மேல் போய்விட்டது’ என்று நீங்கள் அஞ்சிய அந்த எண், அறிக்கையில் கவலை குறைந்த எண்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. கருவியில் எந்த மக்களின் அளவுகோலைப் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த விழுக்காடு மாறும். ஐரோப்பியர் அளவுகோலை வைத்தால் உங்கள் உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் கூடுதலாக எதிர்பார்க்கும், அதே 2.70 உடனே எழுபது விழுக்காட்டுப் பக்கம் இறங்கிவிடும். இனப்பிரிவு இல்லாத உலகப் பொது அளவுகோல் ஒன்று 2022-இல் வெளிவந்து, எதைப் பயன்படுத்துவது என்று மருத்துவர்களிடையே இன்னும் பேச்சு நடக்கிறது. ஆகவே வேறோர் இடத்தில் மறுபடி ஊதும்போது விழுக்காடு மாறியிருந்தால் பதற வேண்டாம். முதலில் லிட்டரை லிட்டரோடு ஒப்பிடுங்கள்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட எண்

உங்கள் கவலை முழுவதும் 2.70 மேலேயே இருந்ததால் 1.62-ஐப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கோ அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நெஞ்சு நிறைய இழுத்து ஒரேயடியாக ஊதும்போது முதல் ஒரு வினாடியில் வெளியேறும் காற்று அது. 1.62-ஐ 2.70-ஆல் வகுத்தால் 60 விழுக்காடு. மருந்து உறிஞ்சிய பிறகும் இந்த விகிதம் எழுபதுக்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாய்களில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். உங்களிடம் எதிர்பார்க்கப்படும் 2.65-உடன் ஒப்பிட்டால் 1.62 என்பது 61 விழுக்காடு, நடுத்தர அளவிலான அடைப்பு. புகைக்கூண்டு, பாய்லர், வெண்சுருட்டு மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்பதே வலுவான சந்தேகம். மார்பு எக்ஸ்ரேயும் நேரடிப் பரிசோதனையும் இல்லாமல், கடிதத்தைப் படித்து மட்டும் அதை நான் உறுதிசெய்ய முடியாது.

2.80, 2.70 என்ற இரண்டு எண்களைப் பார்த்துக் கருவி பழுதோ என்று கேட்டிருக்கிறீர்கள். கருவி சரியாகத்தான் இருக்கிறது. மெதுவாக ஊதும்போது சிறு குழாய்கள் திறந்தே இருக்கும். வேகமாக முக்கி ஊதும்போது நெஞ்சுக்குள் எழும் அழுத்தம், ஏற்கெனவே தளர்ந்துபோன குழாய்களை நெரித்து மூடிவிட, அதற்குப் பின்னால் இருக்கும் கொஞ்சக் காற்று வெளியே வர வழியில்லாமல் நின்றுவிடும். அடைப்பு உள்ளவர்களிடம் இந்த இடைவெளி பெரிதாகவும் இருக்கலாம்; உங்களுக்கு 100 மில்லிலிட்டர் என்பது சிறியது, ஒரே ஆள் அடுத்தடுத்து ஊதினாலும் வரக்கூடிய வேறுபாடு.

எண்ணெய்ப் போத்தல் சோதனையைப் பொறுத்தவரை, மகனின் ஆர்வத்தை நான் மெச்சுகிறேன், ஆனால் அந்த 2.30-ஐ மறந்துவிடுங்கள். நெஞ்சிலிருந்து வரும் காற்று 37 பாகைச் சூட்டில், ஈரம் நிறைந்து வருகிறது. போத்தலில் 30 பாகைத் தண்ணீரைத் தொட்டதும் சுருங்குகிறது. நம் ஊர் வெயிலில் இந்தச் சுருக்கம் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு, எனவே 2.30 உண்மையில் 2.40-ஐ ஒட்டி வரும். மீதிக் குறைவுக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை: வாளிக்குள் குனிந்து ஊதும்போது வயிறு அமுங்குகிறது, மெல்லிய குழாய் காற்றைத் தடுக்கிறது, போத்தல் வாயோரம் குமிழிகள் தப்பிவிடுகின்றன. கிளினிக்கில் குறைந்தது மூன்று முறை ஒழுங்காக ஊதவைத்து, சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபாடில்லை என்று பார்த்த பிறகே ஏற்பார்கள். ஒரே வாரத்தில் 400 மில்லிலிட்டர் கரைந்துபோகவில்லை. வீட்டில் மறுபடி ஊத வேண்டாம், தலைசுற்றி விழப்போகிறீர்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன நடக்கும்

வெளியே வராத காற்றை எப்படி அளப்பது? ஒரு வழியைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். மூடிய பானையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாது. அதில் ஒரு குவளை கெட்டிச் சிராப்பை ஊற்றிக் கலக்கினால், எவ்வளவு வெளுத்தது என்பதை வைத்துத் தண்ணீரின் அளவைச் சொல்லிவிடலாம். சிராப்புக்குப் பதில் ஹீலியம் வாயு. நான்கு லிட்டர் கலனில் 10 விழுக்காடு ஹீலியம் வைத்து மூச்சுவிட வைக்கிறார்கள். கலந்து முடித்ததும் 6 விழுக்காடாக இறங்கியது என்றால், நான்கை (10 − 6)-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் சுமார் 2.67 லிட்டர். ஓய்ந்த நிலையில் நெஞ்சுக்குள் இருந்த காற்று அவ்வளவு. ஆனால் அடைப்பு உள்ள நெஞ்சில் இந்த முறை ஏமாற்றிவிடும், ஏனென்றால் அடைபட்ட மூலைகளுக்கு ஹீலியம் போய்ச் சேராமல் உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டும்.

அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி. பழைய பொதுத் தொலைபேசிக் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு நாற்காலி. கதவு மூடியதும் வாயில் குழாயை வைத்துச் சாதாரணமாக மூச்சுவிடச் சொல்வார்கள். பிறகு குழாயின் உள்ளே ஒரு மடல் இரண்டு மூன்று வினாடிகள் மூடிக்கொள்ளும், அந்த நேரத்தில் நீங்கள் மெல்ல மூச்சை இழுத்துவிட முயல வேண்டும். காற்று வராது, அந்தக் கணத்தில் சிலருக்குப் பயம் வரும். முன்கூட்டித் தெரிந்திருந்தால் வராது. நெஞ்சு விரியும்போது பெட்டிக்குள் அழுத்தம் இம்மி கூடுகிறது. வாயுவின் அழுத்தம் கூடினால் கன அளவு அதே விகிதத்தில் குறையும் என்ற பாயிலின் விதியைக் கொண்டு, அடைபட்டிருப்பதையும் சேர்த்து உள்ளே உள்ள காற்று எவ்வளவு என்று கணினி சொல்லிவிடும். தொழில்நுட்பர் கண்ணாடிக்கு அப்பால் நின்று உங்களோடு பேசிக்கொண்டே இருப்பார்.

அந்த எண் கிடைத்ததும் மீதியைக் கூட்டல் கழித்தலிலேயே முடிக்கலாம். ஓர் எடுத்துக்காட்டுக்காக 3.20 லிட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து உங்கள் வெளிச்சுவாசச் சேமிப்பு 0.70-ஐக் கழித்தால் எஞ்சிய காற்று 2.50. அதோடு உயிர்ப்புத் திறன் 2.80-ஐக் கூட்டினால் மொத்தக் கொள்ளளவு 5.30. அப்படியானால் உங்கள் நெஞ்சு சுருங்கவே இல்லை. மொத்தத்தில் 47 விழுக்காடு வெளியேற முடியாத பழைய காற்றாக இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றாகும். உங்கள் வயதில் இது சுமார் 35 விழுக்காடு இருப்பது இயல்பு. மாறாக 2.20 மட்டுமே வந்தால் எஞ்சிய காற்று 1.50, மொத்தம் 4.30, விகிதம் 35; காற்று அடைபடுதல் இல்லை என்றாலும், மொத்தம் சற்றுக் குறைவாக இருப்பதால் நுரையீரலில் வடு ஏதும் உண்டா என்று தேடவேண்டி வரலாம். ஊதும் சோதனையில் இந்த இரண்டு நெஞ்சும் ஒரே 2.80-ஐத்தான் காட்டும், மருத்துவமோ வேறுவேறு. கடிதத்தை அலமாரியிலிருந்து எடுங்கள்.

மூச்சுப் பயிற்சி

பிராணாயாமமோ பலூன் ஊதுவதோ மொத்தக் கொள்ளளவை வளர்க்காது. மூச்சை நெடுநேரம் அடக்கிப் பழகுவதையும் இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் மெதுவாக மூச்சுவிடப் பழகுவதில் உண்மையான பயன் இருக்கிறது, கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லிலிட்டர் தொண்டையிலும் குழாய்களிலும் நின்று, இரத்தத்தைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. நிமிடத்துக்கு 12 முறை, 500 மில்லிலிட்டர் என்றால் மொத்தம் ஆறு லிட்டர், அதில் பயன்படுவது 350 × 12 = 4200. படியேறிப் பதறி நிமிடத்துக்கு 24 முறை, 250 மில்லிலிட்டராக விட்டாலும் மொத்தம் அதே ஆறு லிட்டர்தான். ஆனால் பயன்படுவது 100 × 24 = 2400. உழைப்பு கூடி, வரவு ஏறத்தாழ பாதியாகிறது. தவிர, வேகமாக விடும்போது முந்தைய மூச்சு முழுதும் வெளியேறும் முன்பே அடுத்ததை இழுத்துவிடுவதால் உள்ளே பழைய காற்று குவிந்துகொண்டே போகும்.

இரண்டாம் மாடியில் நிற்கும்போது இதைச் செய்யுங்கள்: மூக்கால் இழுத்து, சூடான தே-ஓவை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் மெல்ல விடுங்கள். குழாய்கள் நெரிபடாமல் காக்க எளிய வழி அது. ஈராண்டாக வெண்சுருட்டை விட்டும் குணமில்லை என்று குறைபட்டிருக்கிறீர்கள். முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் முதல் வினாடிக் காற்று ஆண்டுக்கு 25, 30 மில்லிலிட்டர் குறையும். புகைப்பவர்களில் பலருக்கு அதைவிட விரைவாகக் குறையும். விட்டதால் போனது வராது, குறையும் வேகம் தணியும். அது சின்ன ஆதாயமில்லை. மருத்துவர் ‘பம்ப்’ (மருந்தை வாயால் உறிஞ்சும் கருவி) கொடுத்தால் உறிஞ்சும் முறையைத் தாதியர் முன் செய்துகாட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல் இவற்றில் ஏதேனும் இருந்தால் ஈப்போ தேதிக்குக் காத்திருக்காமல் நாளையே கிளினிக்குக்குப் போய்க் காசநோய்ச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

பெர்கேசோவும் வேலையும்

புகைபிடித்தவன் இழப்பீடு கேட்கவே முடியாது என்று ஒரு நண்பரும், பாதி நுரையீரல் போனதால் பெரிய தொகை வரும் என்று இன்னொருவரும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருவர் சொன்னதும் சரியில்லை. 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களின் பட்டியல் இருக்கிறது. நோய் வேலையால் வந்ததா, எத்தனை விழுக்காடு இயலாமை என்பதை மருத்துவ வாரியம்தான் தீர்மானிக்கும். அங்கே லிட்டர்க் கழித்தல் செல்லாது. புகைப்பழக்கம் விண்ணப்பிப்பதற்குத் தடையில்லை, ஆனால் உங்களுடைய நோயில் அதன் பங்கைக் கட்டாயம் எடை போடுவார்கள். அதை மறைக்க வேண்டாம், பழைய கிளினிக் பதிவுகளிலேயே இருக்கும். ஆகவே புகைக்கூண்டு, பாய்லர் இரண்டிலும் வேலை செய்த ஆண்டுகளைக் காட்டும் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், உடன் வேலை செய்தவர்களின் பெயர் ஆகியவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள். தொழில்நோய் என்று மருத்துவர் கருதினால் 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி தொழில்பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு அவரே அறிவிக்க வேண்டும். அதை நீங்கள் நினைவூட்டலாம்.

கோபத்தில் வேலையை விட்டுவிடப் போவதாக எழுதியிருப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. நோய் உறுதியாகும் முன் விலகினால் வருமானமும் போகும், எதனால் விலகினீர்கள் என்பதற்குச் சான்றும் இராது. பாய்லர்ப் பக்கத்திலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றித் தரும்படி, மருத்துவர் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவுக்குப் போகும் நாளில் வயிறு முட்டப் பசியாறாமல், இறுக்கமில்லாத சட்டை போட்டுக்கொண்டு, கிளினிக் அறிக்கையின் மூலப்பிரதியோடு போங்கள். எந்தப் பம்ப்பை எத்தனை மணி நேரம் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் மாரடைப்போ கண் அறுவையோ நடந்திருந்தால் ஊதத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடிவு வந்ததும் மூன்று எண்களை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்: செயல்நிலை எஞ்சிய கொள்ளளவு, எஞ்சிய காற்று, மொத்தக் கொள்ளளவு. மற்ற கூட்டல் கழித்தலை மகனே போட்டுவிடுவான்.